லோயர் தவறவிட்ட தேதி, நம் குடும்பத்தின் இழப்பு



"கேஸ் லோயர் கையில் இருக்கிறது, அவர் பார்த்துக்கொள்வார்." நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. ஃபைலைக் கொடுத்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கிறோம். போய்க் கேட்டால் லோயர் கோபித்துக்கொள்வாரோ என்ற பயம் வேறு. ஆனால் சட்டம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

விபத்தில் குடும்பத் தலைவர் இறந்தால், அவரை நம்பி வாழ்ந்தவர்களுக்கான இழப்பீட்டு வழக்கை 3 ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும் என்கிறது 1956ஆம் ஆண்டு சிவில் சட்டம். நியாயமில்லாமல் வேலை நீக்கம் செய்யப்பட்டவர் 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனு கொடுக்க வேண்டும். இந்தத் தேதியை லோயர் தவறவிட்டால் உங்கள் வழக்கு செத்துவிடும். பிறகு மிஞ்சுவது, கவனக்குறைவுக்காக அந்த லோயர் மீதே வழக்குப் போடுவதுதான். அதற்கும் கெடு உண்டு!

1953ஆம் ஆண்டு காலவரம்புச் சட்டப்படி அந்தக் கெடு 6 ஆண்டு. தவறு நமக்குத் தெரிந்த நாளிலிருந்து அல்ல, இழப்பு நேர்ந்த நாளிலிருந்தே அது ஓடத் தொடங்கும். தன் லோயர்கள் மீது ஆம்பேங்க் தொடுத்த கவனக்குறைவு வழக்கிலும், 2010இல் வெளிவந்த மேல்முறையீட்டு நீதிமன்றத் தீர்ப்பு இதையே சொன்னது. பணபலம் உள்ள வங்கிக்கே அந்தக் கதி என்றால், கூலி வேலை செய்யும் நாம் எம்மாத்திரம்?

இங்கிலாந்து இந்த அநியாயத்தை 1986இலேயே திருத்தியது. நம் நாட்டில் 2018இல் சட்டம் திருத்தப்பட்டு, 2019 செப்டம்பர் 1இல்தான் நடைமுறைக்கு வந்தது. இப்போது 6 ஆண்டு கடந்த பிறகு தவறு தெரியவந்தாலும், தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டு கிடைக்கும். ஆனால் மொத்தத்தில் 15 ஆண்டுதான் உச்சவரம்பு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2014இல் மரணம். 2017இல் கெடு முடிந்தது. லோயர் வழக்கைப் பதியவில்லை. அவர் மீது வழக்குப் போட 2023 வரை அவகாசம். குடும்பத்துக்கு 2024இல்தான் உண்மை தெரிகிறது என்றால் 2027 வரை வழி உண்டு.

ஆனால் கோர்ட்டில் சண்டையே இங்குதான் வெடிக்கும். "2018இல் ஆபீசுக்கு வந்தார்களே, அப்போதே தெரிந்திருக்க வேண்டுமே" என்பார் எதிர்த்தரப்பு லோயர். விசாரித்தால் தெரியக்கூடியதையும் 'தெரிந்ததாகவே' சட்டம் எடுத்துக்கொள்ளும். 2018 என்று முடிவானால் எல்லாக் கதவும் அடைபட்டுவிடும். அதோடு, முதல் வழக்கு ஒழுங்காக நடந்திருந்தால் இழப்பீடு கிடைத்திருக்கும் என்றும் நாம் காட்ட வேண்டும். போலீஸ் ரிப்போர்ட், மரணச் சான்றிதழ், சம்பளச் சீட்டு இல்லாமல் எப்படிக் காட்டுவது?

வழக்குரைஞர் ஒழுங்கு வாரியத்தில் புகார் கொடுத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். புகார் கொடுத்ததற்காகக் காலக்கெடு நின்றுவிடாது. வழக்குரைஞர் மன்றத்தின் இழப்பீட்டு நிதியும் லோயரின் மோசடிக்குத்தான், கவனக்குறைவுக்கு அல்ல. ஆனால் தொழில் செய்யும் லோயர்கள் கட்டாயம் காப்புறுதி வைத்திருக்க வேண்டும். ஆகவே, பணம் எங்கிருந்து வரப்போகிறது என்று முதலிலேயே சோர்ந்துவிட வேண்டாம்.

நம் கோரிக்கை எளிமையானது. ஃபைலை வாங்கும் அன்றே, வழக்குப் பதிய வேண்டிய கடைசித் தேதியைக் கட்சிக்காரருக்குப் புரியும் மொழியில் எழுதிக் கொடுப்பதை வழக்குரைஞர் மன்றம் கட்டாயமாக்க வேண்டும். நேர்மையான லோயர்களுக்கு இதில் என்ன கஷ்டம்?

அதுவரை நாமே கேட்போம். "கடைசித் தேதி எது? வழக்கு எண் என்ன?" இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு தாளுக்கும் நகல் வைத்திருங்கள். பதில் வராவிட்டால் இன்னொரு லோயரிடமோ, ஜார்ஜ்டவுனில் உள்ள சட்ட உதவி மையத்திலோ உடனே கேளுங்கள். கேள்வி கேட்பது மரியாதைக் குறைவல்ல, நம் உரிமை!