வயிற்றுவலியும் தந்தையின் வேலைச் சட்டையும்



குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதால் பூச்சி என்போம், சூடு என்போம், பள்ளிக்குப் போகாதிருக்கச் சாக்கு என்றும் கடிந்துகொள்வோம். பெரும்பாலும் காரணம் சாதாரணமானதே. ஆயினும் அரிதான ஒரு காரணத்தை, ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துத் தொழிலாளர் குடும்பங்கள் அறிந்திருத்தல் அவசியமெனக் கருதுகிறோம். அதுவே காரீய நஞ்சு.

ஈயம் என்றவுடன் ரசம் வைக்கும் ஈயச் சொம்பு நினைவிற்கு வரும். அது வெள்ளீயம்; காரீயம் வேறு உலோகம். (மலிவுச் சொம்பில் காரீயம் கலந்திருப்பின் அதுவும் ஆபத்தே.) வண்டி பாட்டரியின் தகடுகள் காரீயத்தாலானவை. பழைய பாட்டரிகளை உடைத்து உருக்குமிடத்துத் தூசி, தந்தையின் சட்டையிலும் தலைமயிரிலும் ஒட்டி வீடு வந்து சேர்கிறது. ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொள்ளும் பிள்ளையின் விரல் வழியே வாய்க்குள் செல்கிறது. பெரியோரைவிடச் சிறுவரின் குடல் இதைப் பன்மடங்கு உறிஞ்சும். இரும்புச் சத்துக் குறைந்த பிள்ளைக்கு இன்னும் அதிகம்.

குடலின் இயல்பான அசைவு குலைவதால் வயிறு முறுக்கி வலிக்கும், மலம் கட்டும், முகம் வெளுக்கும். குடல்வால் அழற்சியென மருத்துவரே மயங்குவதும் உண்டு. இங்கிலாந்தின் டெவன் வட்டாரத்தில் பரவிய இத்தகைய வலிக்கு, ஆப்பிள் சாறு பிழியும் கருவிகளிலிருந்த காரீயமே காரணமென 1767-இல் ஜார்ஜ் பேக்கர் என்னும் மருத்துவர் எடுத்துரைத்தார். வலியினும் கொடியது, அது மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்வது. வலியே தோன்றாத சிறு அளவிலும் இக்கேடு நிகழும்.

எல்லைக்கு அப்பால் பெங்களூரில், இந்திய ஆயர் பேரவை 1963-இல் நிறுவிய செயிண்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் டாக்டர் வெங்கடேஷ் முதலியோர் ஈடுபட்ட ஆய்வொன்று 1999-இல் வெளிவந்தது. நம் நாட்டுப் பெருநகரங்களில் சோதிக்கப்பட்ட 12 வயதிற்குட்பட்டோரில் பாதிப்பேருக்கு மேல் காரீயம் அந்நாளைய வரம்பை மீறியிருந்தது. பெட்ரோலில் காரீயம் கலப்பது 2000-இல் நின்றது; பாட்டரி உடைக்கும் பட்டறைகள் நிற்கவில்லை.

ஆகவே வலி அடிக்கடி வருமாயின், மருத்துவர் கேளாவிடினும் தந்தையின் தொழிலைக் கூறுங்கள். வேலை போய்விடுமோவென அஞ்சி மறைப்பவர்களின் நிலை நமக்குப் புரியாததன்று. ஆயினும் அவ்விடத்தில் மறைத்தால் பிள்ளையே துன்புறும். சிரை இரத்தச் சோதனை உண்மையைக் காட்டிவிடும். அளவு மிகுந்தால் மருந்துண்டு; ஆனால் தூசி வருவது நிற்காமல் மருந்து பயன் தராது. செய்முறை தெரியாத செந்தூரம், பற்பம் எதையும் கொடுக்காதீர்கள்; சிலவற்றில் காரீயமே இருந்ததுண்டு.

பட்டறையிலேயே குளித்து உடை மாற்றுவது நலம். அதற்கு இடமும் நீரும் கேட்பது உரிமையேயன்றிச் சலுகையன்று. வேலைத் துணியைத் தனியே துவையுங்கள். தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். வலியோடு தொடர் வாந்தியோ, வலிப்போ, மயக்கமோ கண்டால் பொழுது விடியக் காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.