ஆறு ஏன் வளைகிறது?

ஆறு ஒன்றை வரையச் சொன்னால் பிள்ளைகள் வளைத்து வளைத்துத்தான் வரைவார்கள். ஆனால், நம் புளோக்குகளுக்குப் பின்னால் ஓடும் தண்ணீர் பெரும்பாலும் கான்கிரீட் சுவர்களுக்கு நடுவே நேராகப் போகிறது. அதை ஆறு என்றுகூட நாம் சொல்வதில்லை. ‘லோங்காங்’ என்கிறோம்.

வளைவின் வெளிக்கரையில் நீர் வேகமாகப் பாய்ந்து மண்ணை அரிக்கும். உட்கரையில் வேகம் குறைந்து மணலை இறக்கிவைக்கும். இப்படி அரித்தும் சேர்த்தும் ஆறு தன் பாதையைத் தானே மாற்றிக்கொள்கிறது. பெருமழையில் இருபுறத் தாழ்நிலத்திலும் பரவித் தணிகிறது.

ஊர் வளர்ந்தால் அந்தத் தாழ்நிலமும் நமக்கு வேண்டும். கூரையிலும் சாலையிலும் விழும் மழை மண்ணுக்குள் இறங்காமல் மொத்தமாக ஓடிவரும். அதை விரைவாகக் கடலுக்கு அனுப்ப ஆற்றை நேராக்குகிறோம். காலாங் ஆற்றுக்கும் இதுதான் நடந்தது. அதைக் குறை சொல்லவும் முடியாது. வீட்டுக்குள் வெள்ளம் புகுந்து அவதிப்பட்டவர்களைக் கேட்டால், கால்வாய் தந்த நிம்மதியைச் சொல்வார்கள்.

பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் 2012ல் நிலைமை மாறியது. பூங்காவை ஒட்டி ஓடிய 2.7 கிலோமீட்டர் கான்கிரீட் கால்வாயை உடைத்து, பூங்காவுக்குள்ளேயே சுமார் 3 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக்கினார்கள். இன்று கரையைப் பிடித்து நிற்பவை கற்களும் செடிகளின் வேர்களும். உடைத்த கான்கிரீட்டில் ஒரு குன்றே எழுந்தது. பின்னர் நீர்நாய்களும் குடிவந்தன.

இந்த ஆறு பழைய கால்வாயைவிட அதிக மழைநீரைத் தாங்குகிறது. கால்வாயின் அகலம் 24 மீட்டருக்குள்தான். இப்போது பெருமழையில் ஆறு ஏறத்தாழ 100 மீட்டர் வரை விரியலாம். பிள்ளைகள் ஓடியாடும் புல்வெளிதான் அப்போது ஆறு! அதனால்தான் அங்கே எச்சரிக்கை விளக்குகளும் ஒலிபெருக்கிகளும் வைத்திருக்கிறார்கள். சத்தம் கேட்டால் உடனே மேட்டுக்கு வந்துவிடுங்கள். ‘இன்னும் ஒரே ஒரு படம்’ வேண்டாம்.

இந்த வளைவுகளையும் மனிதர்கள்தான் வரைந்தார்கள். பக்கத்தில் பூங்கா இருந்ததால் அது முடிந்தது. புளோக்குகள் விளிம்புவரை வந்துவிட்ட கால்வாய்க்கு அந்த வாய்ப்பில்லை. புதிய பேட்டைகளைத் திட்டமிடும்போதே ஆற்றுக்கும் இடம் ஒதுக்கினால்தான் உண்டு.

பூங்காவுக்குப் போனால் ஒரு வளைவில் நின்று, எந்தக் கரையோரம் நீர் வேகமாகப் போகிறது என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள்.