சாம்பல் யாருக்குச் சொந்தம்?

உலகிலே பயனற்ற பொருள் எது என்று கேட்டால், சாம்பல் என்று சட்டென விடை பகர்வோம். பாத்திரம் துலக்கியது போக மிஞ்சியதைக் கொல்லையிலே கொட்டிப் பழகியவர்கள் அல்லவா நாம்! அனல்மின் நிலையங்கள் மலை மலையாகக் குவிக்கும் சாம்பலையும் அதே கண்கொண்டுதான் காண்கிறோம். குப்பையிலே கிடந்தாலும் குன்றிமணி நிறம் மங்குவதில்லை என்பார்கள். ஆனால், கிளறிப் பார்ப்பவன் கண்ணிலேதானே அது படும்?

கிளறிப் பார்த்தவர்கள் இருந்தார்கள். 1886ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிரைபர்க் நகரிலே கிளெமென்ஸ் விங்க்லர் என்னும் வேதியியல் அறிஞர் புதிய தனிமம் ஒன்றைக் கண்டார். தாய்நாட்டின் பெயரால் ஜெர்மேனியம் என்றழைத்தார். 1930களிலே கோல்ட்ஷ்மிட் என்னும் அறிஞர், அது நிலக்கரிச் சாம்பலிலே செறிந்திருப்பதை எடுத்துக் காட்டினார். 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் முதல் டிரான்சிஸ்டர் உருவானது ஜெர்மேனியத் துண்டிலேதான்! பிரிட்டனிலோ, நிலக்கரி எரிவாயு ஆலைகளின் புகைவழித் தூசியைக் கூட்டியெடுத்து ஜெர்மேனியம் பிரித்தார்கள்.

சாம்பலுக்கு அது எப்படி வந்தது? சீனத்தின் யுன்னான் மாகாணத்து லின்சாங் வட்டாரத்தைக் காண்போம். பண்டைய சதுப்பு நிலத்தின் அடியிலே கருங்கற்பாறை. பாறையினூடே ஊறி வந்த வெந்நீர் ஜெர்மேனியத்தைக் கரைத்துக் கொணர்ந்தது. மக்கிய தாவரம் அதனைப் பற்றிக்கொண்டது. காலப்போக்கில் பழுப்பு நிலக்கரி ஆயிற்று. உலக நிலக்கரியிலே சராசரியாக டன்னுக்கு இரண்டு கிராம் அளவே உள்ள ஜெர்மேனியம், அங்கே டன்னுக்கு நூற்றுக்கணக்கான கிராம்! எரிக்கும்போது புகையோடு எழுந்து, குளிர்ந்து, நுண்சாம்பலிலே படிகிறது. அமிலமிட்டுக் காய்ச்சி வடித்து அதனைப் பிரிக்கின்றனர்.

இரவிலே காணும் படைக்கருவியின் கண்ணாடிக்கும், ஒளியிழைக் கம்பிக்கும், விண்கலத்தின் சூரிய மின்கலத்துக்கும் இன்று அது தேவை. துத்தநாக ஆலைகளிலிருந்தும் நிலக்கரிச் சாம்பலிலிருந்தும் அதனைத் திரட்டிய சீனம், 2023 ஆகஸ்டில் ஏற்றுமதிக்கு அனுமதி முறை விதித்தது. 2024 டிசம்பரில் அமெரிக்காவுக்கு அனுப்புவதையே தடுத்தது. 2025 நவம்பரில் அத்தடையை நிறுத்தி வைத்தது. திறக்கவும் பூட்டவும் சாவி அதன் கையிலே!

நம் நிலை என்ன? 2023இல் இந்திய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலிலே ஜெர்மேனியமும் உண்டு, காலியமும் உண்டு. அதே நாட்டிலே ஆண்டுதோறும் 30 கோடி டன்னுக்கு மேல் நிலக்கரிச் சாம்பல் குவிகிறது. முழுவதையும் பயன்படுத்தித் தீர்த்திட வேண்டுமென 2021 டிசம்பர் அறிவிக்கை ஆணையிடுகிறது. சிமெண்டுக்கும் செங்கல்லுக்கும் சாம்பல் செல்வது நன்றே. ஆனால், தீர்ப்பதற்குக் காட்டும் விரைவைச் சோதிப்பதற்கும் காட்ட வேண்டாமா? சுவரிலே கலந்துவிட்ட பின் எதைப் பிரிப்பது?

எல்லாச் சாம்பலும் புதையல் என்று நான் கூறவில்லை. லின்சாங் போன்ற இடங்கள் உலகிலே மிகச் சில. பொன் கொழிக்கும் என்று பந்தலிட்டுப் பேசுவோரையும் நம்பாதீர். வெறும் தூசி என்று அள்ளிச் செல்வோரையும் நம்பாதீர். அளந்து பாருங்கள் என்பதே நம் கோரிக்கை.

இன்னொன்றும் உண்டு. அரிய தனிமத்தைச் சுமந்துவரும் நிலக்கரியே ஆர்சனிக்கையும் பாதரசத்தையும் சுமந்து வருகிறது. எண்ணூர்க் கழிமுகத்து மீனவரைக் கேளுங்கள், சாம்பற்சேறு என்ன செய்யும் என்று! நஞ்சு அவர்களுக்கு, செல்வம் வேறொருவருக்கு என்பது என்ன நீதி?

ஆகவே, ஒவ்வொரு சாம்பற்குளத்தின் சோதனை முடிவும் ஊரறிய வெளியிடப்பட வேண்டும். நன்மை தீமை இரண்டையும் அதிலே எழுத வேண்டும். முடிவு தெரியுமுன் நீண்டகால ஒப்பந்தம் கூடாது. வருவாய் கிட்டுமானால், முதற்பங்கு அந்தச் சாம்பலைச் சுவாசித்த ஊருக்கு!

அனல்மின் நிலையத்தை அடுத்து வாழும் தோழர்களே! அடுத்த கிராம சபையிலே எழுந்து நின்று கேளுங்கள்: "எங்கள் ஊர்ச் சாம்பலிலே என்ன இருக்கிறது?" விடை வரும்வரை அமராதீர்கள்!