கேமராவின் விலையும் படத்தின் இயல்பும்

தில்லியில் குறைந்த விலைக்குக் கேமரா தேடுவோர் சாந்தினி சவுக்கின் கூச்சா சவுத்ரி சந்தைக்குச் செல்வது வழக்கம். அங்கு எழும் முதல் கேள்வி பெரும்பாலும் மெகாபிக்சல் பற்றியது. லோதி தோட்டத்தில் நண்பர் ஒருவரை மாடலாக நிறுத்தி, ஒத்திகையற்ற இயல்பான படங்கள் எடுக்க விரும்புவோருக்கு அக்கேள்வி பயனற்றது. 3,000 × 2,000 பிக்சல், அதாவது வெறும் 6 மெகாபிக்சல், 10 அங்குல அகல அச்சுக்குப் போதும்.

இருபது ஆண்டுப் பழைய சிறு கேமராக்களைத் தேடும் இன்றைய மோகமும் ஓரளவு மயக்கமே. முகம் பளிச்சிட்டுப் பின்புலம் இருளும் அந்தத் தோற்றம் பெரும்பாலும் லென்ஸுக்கு அருகிலிருந்து நேராகப் பாயும் ஃபிளாஷின் விளைவு. ஃபிளாஷ் உள்ளமைந்த எந்தக் கேமராவும் அதைத் தரும்.

ஆகவே, கையில் உள்ள பணத்தைச் சென்சாருக்கும் திரைக்கும் செலவிடுவதே அறிவு. 2011இல் வெளிவந்த நிக்கான் டி5100 இதற்கு நல்ல சான்று. சிறு கேமராக்களில் பரவலான 1/2.3 அங்குல சென்சாரைவிட அதன் சென்சார் பரப்பில் ஏறத்தாழ 13 மடங்கு பெரியது. மாலை ஒளியிலும் தாக்குப்பிடிக்கும். உள்ளமைந்த ஃபிளாஷும், திருப்பக்கூடிய திரையும் உண்டு. கேமராவுக்குள் குவிய மோட்டார் இல்லாமையால், மோட்டார் கொண்ட லென்ஸையே வாங்க வேண்டும், 35 மி.மீ. எஃப் 1.8ஜி பொருந்தும். திரை வழியே குவியம் சற்று மெதுவாகவே அமையும் என்பது அதன் குறை. பழைய கேமராவாயின் ஷட்டர் இயங்கிய எண்ணிக்கையைப் பார்த்து, கடையிலேயே சில படங்கள் எடுத்துச் சோதித்த பின்னரே பணம் தர வேண்டும்.

திரைக்கு ஏன் இத்தனை முதன்மை? இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக் கலைஞரான ஹோமாய் வியாரவாலா 1942 முதல் தில்லியில் பணியாற்றியவர்; ரோலிஃபிளெக்ஸையும் பயன்படுத்தினார். மார்பளவில் பிடித்து, குனிந்து பார்க்கும் கேமரா அது. அப்படி எடுக்கும்போது எடுப்பவரின் முகம் கருவிக்குப் பின்னால் மறைவதில்லை. மடக்குத் திரை அதே வசதியை இன்று மலிவாகத் தருகிறது.

அதே திரையை மாடலின் பக்கம் திருப்பிக் காட்டவும் முடியும். பிடிக்காத படத்தை அங்கேயே அழிக்கச் சொல்லும் உரிமை அவருக்கு உண்டு. ஒத்திகையின்மை வேறு, ஒப்புதலின்மை வேறு. தம் படம் தம் விருப்பமின்றி வெளியேறாது என்ற உறுதி உள்ளவரே கேமரா முன் இயல்பாக நிற்பார். அந்த இயல்பை எந்த விலையுயர்ந்த கேமராவும் தந்துவிடாது.