செவ்வாய்க் கிரகத்துல நடக்குறது கூலிச் சண்டை, பொம்மைச் சண்டை இல்ல!

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் சூடா இருக்கேன். பொறுத்துக்குங்க.

விழுப்புரத்துலேர்ந்து திண்டிவனம் போற ரயில்ல ஹெட்போனை மாட்டிக்கிட்டு 'மொபைல் சூட் கண்டம்: அயர்ன் ப்ளடட் ஆர்ஃபன்ஸ்' ரெண்டாவது தடவையா பாத்துட்டிருந்தேன். (ஜாதகத்துல வர்ற கண்டம் இல்ல. 1979-லேர்ந்து ஜப்பான்ல ஓடுற ரோபோ வரிசை.) பக்கத்துல உக்காந்திருந்த நண்பன் எட்டிப் பாத்துட்டு, "பி.காம் மூணாவது வருஷம்டா... இன்னும் பொம்மைப் படமா?"ன்னான். எதிர் சீட்டுல ஒரு பெரியவர் வேற சிரிச்சாரு.

அவங்களுக்குத்தான் இந்தப் பதில். கூடவே, இந்தத் தொடரைக் கொண்டாடுறோம்னு சொல்லிக்கிட்டு பார்பட்டோஸ் ரோபோ எத்தனை பேரை நசுக்குச்சுன்னு மட்டும் எண்ணிட்டிருக்குற ரசிக சிகாமணிகளுக்கும்.

(முடிவைச் சொல்லப் போறேன். பாக்காதவங்க பாத்துட்டு வாங்க.)

2015 அக்டோபர்ல ஆரம்பிச்சு 2017 ஏப்ரல்ல முடிஞ்ச தொடர் இது. மொத்தம் 50 எபிசோடு. இயக்கம் தட்சுயுகி நாகாய், எழுத்து மாரி ஒகாடா. கிரகத்துக்கும் கிரகத்துக்கும் சண்டைன்னு விளம்பரம் பண்ணலாம். ஆனா உள்ள இருக்குறது என்ன? பூமியில நாலு பொருளாதாரக் கூட்டமைப்பு. செவ்வாயைப் பங்கு போட்டு வெச்சிருக்காங்க. செவ்வாய்ல 'ஹாஃப் மெட்டல்'னு ஒரு உலோகம் கிடைக்குது. தோண்டுறவன் செவ்வாய்க்காரன், விக்கிற உரிமை பூமிக்காரன் கையில. குடெலியாங்கிற பொண்ணு பூமிக்குக் கிளம்புறதே அந்த வியாபார உரிமையைப் பேசி வாங்கத்தான். அவங்க ஊர்ல மக்காச்சோளம் விளையுது. எரிபொருளுக்குன்னு அடிமாட்டு விலைக்கு எடுத்துக்கிட்டுப் போறாங்க. விளைஞ்ச வருஷம் விலை இல்லாம நிக்கிற நம்ம ஊர் விவசாயிக்கு இதைச் சப்டைட்டில் போட்டு விளக்கணுமா?

அப்புறம் அந்தப் பசங்க. முதுகெலும்புல ஒரு கருவியை வெச்சுத் தைக்கிறாங்க. ரோபோவை உடம்பு மாதிரியே ஆட்டலாம். ஆனா வளர்ற உடம்புலதான் அது ஒட்டும், பெரியவங்களுக்கு ஒத்துக்காது. அதனால அனாதைப் பசங்க. ஆபரேஷன் தப்பாப் போனா முடமாகிக் கிடக்க வேண்டியதுதான். அதுலயும் கீழ 'ஹியூமன் டெப்ரி'. பழைய இரும்பு விலைக்கு வித்து வாங்குற பிள்ளைங்க.

அந்தக் கருவிக்குப் பேர் என்ன தெரியுமா? ஆலய விஞ்ஞானம்! யோகாசார பௌத்தத்துல மனசோட அடி ஆழத்துக்கு வெச்ச பேர். அந்தத் தத்துவத்துக்கு உரை எழுதின தர்மபாலர் காஞ்சிபுரத்துக்காரர், நாலந்தாவுக்கே தலைமை தாங்கினவர். அவர் சீடர் சீலபத்திரர்கிட்ட யுவான் சுவாங் படிச்சுக்கிட்டுப் போய்ச் சீனாவுல பரப்பினாரு, அங்கேருந்து ஜப்பான் போச்சு. திண்டிவனத்துலேர்ந்து வந்தவாசி வழியா பஸ் ஏறினா வந்துடுற ஊரு காஞ்சி. "நமக்கும் ஜப்பான் கார்ட்டூனுக்கும் என்னடா சம்பந்தம்"னு கேட்டீங்களே?

சரி, எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லிடுறேன். இது பொம்மை விக்க எடுத்த தொடர்தான். பண்டாய் கம்பெனி 1980-லேர்ந்து கண்டம் மாடல் பொம்மை விக்குது. குழந்தைத் தொழிலாளர் கொடுமையைக் காட்டி குழந்தைகளுக்கே பொம்மை விக்கிறது உறுத்தல்தான். மிகாசுகி கொல்றதை அழகாக் காட்டுறாங்கங்கிறதும் நிஜம். ஒத்துக்குறேன். ஆனா அதுக்காக உள்ள இருக்குற கணக்கை நாம ஏன் பாக்காம விடணும்?

ரசிகர்களோட பெரிய புகார் முடிவைப் பத்தி. ஓர்கா சுடப்பட்டுச் சாகுறான். மிகாசுகியும் சாகுறான். "ஹீரோ தோத்துட்டான், மொக்கை"ங்கிறாங்க. கடைசி எபிசோடை ஒழுங்காப் பாத்தீங்களா? செவ்வாய் சுதந்திரம் வாங்குது. ஹியூமன் டெப்ரி ஒழிப்பு ஒப்பந்தம் வருது. அதுல கையெழுத்துப் போடுறது யாரு? அந்தப் பசங்களைக் கொன்ன படையோட தலைவர்! செத்தவனுக்குச் சிலைகூட இல்ல, சட்டம் மட்டும் வருது. உலகம் பெரும்பாலும் இப்படித்தான்யா நடக்குது. இதை விட நேர்மையா எப்படி முடிக்கிறது?

சட்டம் வந்தா மட்டும் முடிஞ்சுதா? அதுக்குத்தான் இவ்வளவு சுத்தி வந்தேன்.

போன லீவுல ஒரு இடத்துல கணக்கு எழுதப் போனேன். இடத்தோட பேர் வேணாம். செங்கல் சூளை. வேலை செஞ்சது எங்க பக்கத்து இருளர் குடும்பங்க. பேரேட்டுல ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம், மேல 'அட்வான்ஸ்'. கூலியில கழிப்பாங்க. மருந்துச் செலவு, அரிசின்னு திரும்ப ஏத்துவாங்க. சீசன் முடியுறப்ப பாக்கி குறையல, கூடியிருந்துச்சு. பாக்கி தீராம வேற எங்கயும் போகக் கூடாது. கல் அடுக்குற இடத்துல பத்து வயசுப் பையனும் இருந்தான். அவனுக்குத் தனிப் பக்கம் இல்ல, அப்பா பக்கத்துலயே அடக்கம். நான் என்ன பண்ணேன்? கூட்டல் சரியா இருக்கான்னு பாத்தேன். சம்பளம் வாங்கிட்டு வந்துட்டேன்.

1976-ல வந்த கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துல 6-வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. கொத்தடிமைக் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டிய பொறுப்பே கிடையாதுங்குது. அதாவது நான் அழகாக் கோடு போட்டு எழுதின அந்தப் பாக்கி, சட்டப்படி பூஜ்யம். மூணு வருஷமா அக்கவுண்டன்சி படிச்ச எனக்கு இது தெரியல.

அந்தத் தொடர்ல பசங்க கம்பெனியைக் கைப்பத்தினதும் பெரியவங்கள்ல பெரும்பாலானவங்க மூட்டை கட்டுறாங்க. ஒரே ஒரு ஆளை மட்டும் போக விடாம நிறுத்துறாங்க. டெக்ஸ்டர். கணக்குப்பிள்ளை! முதல் தடவை பாத்தப்ப சிரிச்சேன். ரயில்ல அந்தக் காட்சி வந்தப்ப சிரிப்பு வரல. அந்த நேரத்துலதான் "பொம்மைப் படமா?"ன்னு கேட்டான்.

ஞாபகத்துல இருந்த பக்கங்களை எல்லாம் எழுதி ஒரு மனு தயார் பண்ணியிருக்கேன். வர்ற திங்கட்கிழமை விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல குடுக்கப் போறேன். பி.காம் மக்கள் யாராவது கூட வர்றீங்களா? நீங்க எழுதின பேரேட்டுலயும் இப்படி ஒரு பக்கம் இருந்தா, அதையும் எடுத்துட்டு வாங்க.

பி.கு: ரயில்ல கேட்ட நண்பா, உன்னையும்தான் கூப்பிடுறேன். வர்றப்ப முதல் எபிசோடு பாத்துட்டு வா :-)