அட்வான்ஸைத் திருப்பினால் கணக்குத் தீர்ந்துவிடாது

மணவூர் ஸ்டேஷன் பக்கம் வீடு, மனை பேசுகிறவர்கள் அடித்துச் சொல்லும் பேச்சு ஒன்று உண்டு: “பத்திரம் பதியிற வரைக்கும் வீடு ஓனரோடது. அவர் மனசு மாறிட்டா அட்வான்ஸை வாங்கிட்டுப் போக வேண்டியதுதான்.” இதை நம்பி, நியாயம் தம் பக்கம் இருந்தும் ஒதுங்கிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

முதல் பாதி சரி. அக்ரிமெண்ட் போட்டதால் மட்டும் வீடு நமக்குச் சொந்தமாகிவிடாது. இரண்டாம் பாதி தவறு. எழுதிக் கொடுத்தபடி கிரயம் செய்து தரச் சொல்லி, ‘ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கு’ போடலாம். முன்பு அந்த உத்தரவைத் தருவதும் மறுப்பதும் நீதிபதியின் விருப்பமாக இருந்தது. 2018 அக்டோபர் 1இல் அமலான திருத்தம் அந்த விருப்புரிமையை எடுத்துவிட்டது. ‘தவறினால் அட்வான்ஸ் இரட்டிப்பு’ என்று எழுதியிருந்தாலும், அந்த ஒரு வரி மட்டுமே இவ்வழக்குக்குத் தடையாகாது.

“பதியாத அக்ரிமெண்ட் வெத்துத் தாள்” என்பார்கள். 2012 டிசம்பரிலிருந்து தமிழ்நாட்டில் விற்பனை ஒப்பந்தத்தையும் பதிய வேண்டும் என்பது உண்மை. ஆனால் 2023 ஏப்ரலில், நம் மாநிலத்திலிருந்து போன வழக்கிலேயே, பதியாத ஒப்பந்தத்தையும் இத்தகைய வழக்கில் சாட்சியமாக ஏற்கலாம் என்றது சுப்ரீம் கோர்ட். அதற்காகப் பதியாமல் இருந்துவிடாதீர்கள். பதிந்திருந்தால் வில்லங்கச் சான்றில் ஏறும். ஓனர் வேறொருவருக்கு விற்றாலும், வாங்கியவர் “எனக்குத் தெரியாது” என்று தப்ப முடியாது.

“மூணு வருஷம் டைம் இருக்கு” என்ற ஆறுதல்தான் எனக்குப் பயம் தருகிறது. வழக்குப் போட மூன்றாண்டுக் கெடு உண்டுதான். மதுரை வீடு ஒன்றுக்கு 1978 டிசம்பரில் 60,000 ரூபாய் பேசி, 5,000 கொடுத்து, ஆறு மாதத் தவணை எழுதினார்கள். தவணை முடிந்து இரண்டு வருடம் தாண்டி, 1981 ஜூலையில்தான் வாங்குபவர் நோட்டீஸ் விட்டார். அதற்குள் விலை ஏறிவிட்டது. கெடுவுக்குள் வந்த வழக்குதான். ஆனாலும் 1997இல் சுப்ரீம் கோர்ட் வீட்டைத் தர மறுத்தது. அது விருப்புரிமை இருந்த காலத் தீர்ப்பு; ஆனால் இன்றும், மீதிப் பணத்தோடு தயாராக இருந்தேன் என்று காட்ட வேண்டியவர் வாங்குபவர்தான்.

செலவும் உண்டு: கோர்ட் கட்டணமே பேசிய விலையில் 3 சதவீதம். வழக்கு இழுக்கும். வீடு வேண்டாம், பணம் போதும் என்றாலும் வெறுங்கையாக நிற்க வேண்டியதில்லை. ஓனர்மீது தவறிருந்தால், கொடுத்த அட்வான்ஸுக்கு அந்தச் சொத்தே ஈடு.

ஓனர் இழுத்தடிக்கிறார் என்று தெரிந்தால் புரோக்கரிடம் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள். மீதிப் பணம் பாஸ்புக்கில் தெரியட்டும். வக்கீல் நோட்டீஸ் இந்த வாரமே போகட்டும்.