கூரைக்கு வரம்பா, கம்பிக்கு வரம்பா?

ஆரணியாற்றங்கரையிலுள்ள பெரியபாளையத்தை அறியாதார் நம்மில் சிலரே. ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமைகளில் பவானியம்மன் சந்நிதியை நாடி ஜனங்கள் திரள் திரளாக வந்து கூடும் ஊர் அது. அதற்கு வடகிழக்கே கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் ஆலைகள் இரவு பகலாக மின்சாரத்தை உட்கொண்டு இயங்குகின்றன. கிழக்கே கடலோரத்தில் அத்திப்பட்டிலும் வல்லூரிலும் நிலக்கரியை எரித்து மின்சாரம் உண்டாக்குகிறார்கள். வல்லூர் நிலையம் ஒன்று மட்டுமே 1,500 மெகாவாட் சக்தியுள்ளது. திருவள்ளூர் ஜில்லாவாசிகள் மின்சாரத்துக்காகச் சுமந்துவரும் புகையும் சாம்பலும் கொஞ்சமல்ல. அப்படிப்பட்ட ஜில்லாவில் ஒரு குடியானவன் தன் வீட்டுக் கூரைமீது விழும் வெயிலைக் கொண்டு தன் தேவைக்கு வேண்டிய சக்தியை உண்டாக்கிக்கொள்ள விரும்பினால், அதற்குக் குறுக்கே நிற்பது எது என்பதை விசாரிப்பது நம் கடமையாகும்.

வீட்டுக் கூரைகளில் சூரிய மின்தகடுகளை அமைக்கும்படி ஜனங்களைத் தூண்டுவதற்கென்று மத்திய சர்க்கார் 2024-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் ஒரு பெருந்திட்டத்தைத் தொடங்கினர். ஒரு கோடி வீடுகள் இலக்கு; 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு. முதல் இரண்டு கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாயும், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும், ஆக மொத்தம் 78,000 ரூபாய் மானியம் என்று வகுத்தார்கள். இது நல்ல காரியமே. நமது ராஜ்யத்து வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரி நான்கு யூனிட் தரும். ஆகவே மூன்று கிலோவாட் அமைத்தவர் நாள்தோறும் பன்னிரண்டு யூனிட் அளவுக்குப் பெறுகிறார்.

ஆனால் குடும்பத்தின் தேவை நின்ற இடத்திலேயே நிற்பதில்லை. பெரியபாளையத்தில் மூன்று கிலோவாட் அமைத்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு வருஷத்தில் மின்சார அடுப்பு வருகிறது. பிள்ளைக்கு மின்சார ஸ்கூட்டர் வருகிறது. கத்திரி வெயிலுக்குக் குளிர்சாதனம் வருகிறது. கூரையில் இடமும் இருக்கிறது. கையில் சிறிது பணமும் சேர்ந்திருக்கிறது. தகடுகளை ஆறு கிலோவாட்டாக உயர்த்த எண்ணுகிறார்கள். அங்கேதான் வரம்பு எதிர்ப்படுகிறது. வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு எவ்வளவோ அவ்வளவுக்கு மேல் சூரிய அமைப்பு இருத்தலாகாது என்பது விதி. நான்கு கிலோவாட்டைத் தாண்டினால் ஒருமுனை இணைப்புப் போதாது, மும்முனை இணைப்பு வேண்டும் என்பது மற்றொரு விதி. மும்முனைக்கு மாறுவதென்றால் மனு, கட்டணம், புதிய மீட்டர், வீட்டுக் கம்பியமைப்பில் மாறுதல் ஆகியவை வரிசையாக வந்து நிற்கின்றன. அந்த வீதியின் டிரான்ஸ்பார்மரில் இடமில்லை என்றால் காரியம் அதோடு நின்றுவிடும்.

இந்த வரம்புகளை அதிகாரிகளின் பிடிவாதம் என்று தூற்றுவது நியாயமாகாது. நமது மின்கம்பிகள் பெரிய நிலையத்திலிருந்து சிறிய வீட்டை நோக்கி ஒரே திசையில் மின்சாரம் ஓடுவதற்கென்று போடப்பட்டவை. 1932-ல் பைக்காரா நிலையம் இயங்கத் தொடங்கிய காலத்தில், வீடு திருப்பிக் கொடுக்கும் என்று எவர் கனவு கண்டார்? இன்று ஒரு 100 கே.வி.ஏ. டிரான்ஸ்பார்மரின்கீழ் இருபத்தைந்து வீடுகள் தலைக்கு நான்கு கிலோவாட் அமைத்தாலே கணக்கு நூறாகிவிடுகிறது. நண்பகலில் வீடுகளில் உபயோகம் குறைந்தும் தகடுகளின் உற்பத்தி மிகுந்தும் இருக்கும் வேளையில், மின்சாரம் பின்னோக்கிப் பாய்ந்து கம்பியில் மின்னழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் அளவு மீறினால் அண்டை வீட்டு விசிறிக்கும் விளக்குக்கும் கேடு. ஆகையால் ஏதேனும் ஒரு வரம்பு அவசியம் என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம்.

நமது கேள்வி வேறு. கம்பிக்குத் தீங்கு விளைப்பது கூரைமீதிருக்கும் தகடா, அன்றி வீட்டை விட்டு வெளியேறும் மின்சாரமா? வெளியேறும் மின்சாரமே என்பதில் சந்தேகமில்லை. வீட்டுக்குள்ளேயே உண்டாகி, வீட்டுக்குள்ளேயே செலவாகி, மிச்சம் வீட்டுப் பாட்டரியிலேயே சேமிக்கப்படும் சக்தி வீதிக் கம்பியைத் தொடுவதேயில்லை. அப்படியிருக்கக் கம்பியின் பெயரால் கூரையை அளப்பது எங்ஙனம் பொருந்தும்? ஏரியில் மதகு சிறிதென்பதற்காக மழையையே அளந்து பெய்யச் சொல்வார் உண்டோ? மதகைத்தான் அளவாகத் திறப்பார்கள்.

இது வெறும் வாதமன்று. நடைமுறையில் உள்ள வசதியேயாகும். தகடு, பாட்டரி, வெளிக்கம்பி ஆகிய மூன்றையும் ஒருங்கே ஆளும் இன்வெர்ட்டர்கள் இன்று கடைகளில் கிடைக்கின்றன. மீட்டரின் அருகே ஒரு சிறு அளவுமானியைப் பொருத்தி, வெளியே இத்தனை கிலோவாட்டுக்கு மேல் போகக்கூடாது என்று கட்டளையிட்டுவிட்டால், அந்த அளவைத் தாண்டாமல் இன்வெர்ட்டரே உற்பத்தியைக் குறைத்துக்கொள்ளும். முற்கூறிய குடும்பம் ஆறு கிலோவாட் அமைத்தால் நாளொன்றுக்கு இருபத்துநான்கு யூனிட் உண்டாகும். பகற்செலவுக்கு ஏழு யூனிட், இரவுக்கென்று பாட்டரியில் எட்டு யூனிட் என்று வைத்தால், வெளியே செல்வது ஒன்பது யூனிட். அதுவும் எந்நேரத்திலும் பழைய மூன்று கிலோவாட் அளவுக்கு உட்பட்டே செல்லும். வீதிக் கம்பிக்கு முன்னிருந்த பளுவுக்கு மேல் ஒரு துளியும் ஏறவில்லை; ஆனால் மாலையில் அக்குடும்பம் கம்பியிலிருந்து இழுக்கும் மின்சாரமோ பெரிதும் குறைந்துவிட்டது. சூரியன் சாய்ந்த பின்னரே மின்பகிர்மானக் கழகத்தார் விலை கொடுத்து வாங்கும் மின்சாரத்துக்குத் தட்டுப்பாடு மிகுகிறது என்பதை நினைத்தால், இதனால் லாபம் இரு தரப்பாருக்குமே என்பது விளங்கும்.

பிற தேசத்தார் இவ்விஷயத்தில் எவ்வழி செல்கிறார்கள்? ஜெர்மனியில் 2025 பிப்ரவரி முதல், கட்டுப்படுத்தும் கருவியில்லாத புதிய கூரையமைப்புகள் தம் சக்தியில் நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் கம்பிக்கு அனுப்பலாகாதென்று சட்டம் செய்தனர். கட்டுப்பாடு அனுப்புவதற்கேயன்றி அமைப்பதற்கன்று. தென் ஆஸ்திரேலியாவிலோ 2023 முதல், எப்பொழுதும் 1.5 கிலோவாட் என்ற நிலையான வரம்பை ஏற்கலாம். அல்லது கம்பியின் நிலைக்குத் தக்கபடி ஏறி இறங்கும் பத்துக் கிலோவாட் வரையிலான வரம்பை ஏற்கலாம் என்று புதிதாக அமைப்பவர்களுக்கு வழி செய்திருக்கின்றனர். அண்டையிலுள்ள இலங்கையின் அனுபவம் நமக்கு எச்சரிக்கையாகும். அங்கே 2025 ஏப்ரலில் புத்தாண்டு விடுமுறை நாட்களில் உபயோகம் குறைந்தபொழுது, கூரையமைப்புகளைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபையார் ஜனங்களைக் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. சேமிப்பும் கட்டுப்பாடும் இல்லாமல் தகடுகளை மட்டும் பெருக்கினால், உண்டாக்கியதை அணைத்துவைக்கும் நிலை வந்து சேரும் என்பதே இதன் பாடம்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையிலும் திருவள்ளூர் ஜில்லாவிலும் வெள்ளம் சூழ்ந்து மின்சாரம் தடைப்பட்டது. கம்பியில் மின்சாரம் நின்றால், பாட்டரியில்லாத கூரையமைப்பும் தானே நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கவே அப்படி அமைத்திருக்கிறார்கள். அதை மாற்றச் சொல்வது பாவம். ஆனால் வெளிக்கம்பியை அறவே துண்டித்துவிட்டு வீட்டுக்குள் மட்டும் பாட்டரியால் விளக்கெரியச் செய்யும் முறை இருக்கிறது. கூரையில் பல்லாயிரம் ரூபாய்த் தகடுகளை வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது தலைவிதியன்று.

பாட்டரியின் விலை அதிகமாயிற்றே என்பார்கள். உண்மைதான், மத்திய சர்க்காரின் மானியத் திட்டத்தில் பாட்டரிக்கென்று தனித்தொகையும் இல்லை. பணக்காரன் தகடு போட்டுக்கொள்ள, கம்பிச் செலவு ஏழையின் தலையில் விழுமே என்று வேறு சிலர் ஆட்சேபிப்பார்கள். மிச்ச மின்சாரத்தையெல்லாம் கம்பியில் தள்ளிவிட்டு, கம்பியையே தன் களஞ்சியமாக உபயோகிப்பவரைக் குறித்து அந்த ஆட்சேபம் ஓரளவு செல்லும். தன் களஞ்சியத்தைத் தன் வீட்டிலேயே கட்டிக்கொள்பவரைக் குறித்து அது செல்லாது.

மத்திய சர்க்கார் 2024 பிப்ரவரியில் திருத்திய விதிகளின்படி, பத்துக் கிலோவாட் வரையிலான கூரையமைப்புக்கான மனுக்கள் தொழில்நுட்ப ஆய்வின்றியே ஏற்கப்பட்டனவாகக் கொள்ளப்படும்; அதற்கு வேண்டிய அளவு மின்பளுவும் உயர்த்தப்படும். ஐந்து கிலோவாட் வரையிலான அமைப்புக்கு வழியைப் பலப்படுத்தும் செலவு மின்பகிர்மானம் செய்வோரையே சார்ந்தது. விதி ஏட்டில் இருந்தால் போதாது. பெரியபாளையத்துப் பிரிவு அலுவலகத்தின் மேஜைவரை அது வந்து சேர வேண்டும். அதோடு தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தாரும் மின்பகிர்மானக் கழகத்தாரும் மூன்று காரியங்கள் செய்யவேண்டுமென்று கோருகிறோம். முதலாவது, மனுவில் தகடுகளின் அளவையும் வெளியே அனுப்பும் அளவையும் வெவ்வேறாகக் குறிக்க இடம்விட்டு, பின்னதற்கே வரம்பு விதிக்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு டிரான்ஸ்பார்மரிலும் இன்னும் எத்தனை கிலோவாட்டுக்கு இடமிருக்கிறது என்பதைப் பிரிவு அலுவலகப் பலகையில் எழுதி வைக்க வேண்டும். மூன்றாவது, பாட்டரி வாங்கும் சிறு குடும்பங்களுக்குக் கூட்டுறவு வங்கிகள் மூலம் குறைந்த வட்டிக் கடனுக்கு வழிகாண வேண்டும்.

ஜனங்களுக்கும் ஒரு வார்த்தை. வரம்பு அநியாயமென்று எண்ணி இரகசியமாகத் தகடுகளைச் சேர்ப்பவர் தம் காரியத்தைத் தாமே கெடுத்துக்கொள்கிறார். இன்வெர்ட்டர் தாங்கும் மின்னழுத்தத்தைக் கணக்கிடாமல் தகடுகளை வரிசையில் கூட்டினால் கருவி எரிந்துபோகும். பழைய தகட்டையும் புதிய தகட்டையும் ஒரே வரிசையில் இணைத்தால் குறைந்தது நிறைந்ததைத் தன் அளவுக்கு இழுத்துவிடும். புயல் வீசும் கரையோர ஜில்லாவில் சட்டங்களைத் தளத்தோடு உறுதியாகப் பிணைக்காமல் விடுவது அண்டை வீட்டார்மேல் கத்தியை வீசுவதற்கு ஒப்பாகும். முதலில் தண்ணீர் மோட்டாரையும் ஸ்கூட்டருக்கு மின்னேற்றுவதையும் நண்பகலுக்கு மாற்றிப் பாருங்கள்; செலவில்லாமலே பயன் கூடும். பிறகும் தேவை எஞ்சினால், பகிரங்கமாக மனுச் செய்யுங்கள். மறுக்கப்பட்டால் காரணத்தை எழுத்து மூலம் கேளுங்கள். மின்நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம் அதற்காகவே இருக்கிறது.

கம்பி பொதுச்சொத்து, அதற்கு வரம்பு வேண்டும், அதை நாம் மதிப்போம். கூரை குடியானவனுடையது, அதன்மேல் விழும் வெயில் ஒருவருக்கும் கடன்பட்டதன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்பாத விதியைச் செய்வது அதிகாரிகளுக்குப் பெரிய காரியமல்ல. அதைத் தாமதமின்றிச் செய்வார்களாக.